ஹெச் அடிபடும் வரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், கால்குலஸ் என்ற நுண்கணிதத்துக்கு முன் படிக்கும் ப்ரீகால்குலஸ் என்ற பாடத்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது. பொறியியல் போன்ற பல படிப்புகளில் அதை எடுத்துத் தேறினாலும் பட்டக் கணக்கில் சேராது. பள்ளியிலேயே முடித்திருக்க வேண்டியதை இங்கே வந்து படிக்கிறார்கள் என்பதுதான் பொதுவான நினைப்பு. இந்த செமஸ்டர் என்ன கணக்கு என்று வளாகத்தில் யாராவது கேட்டால், அந்தப் பெயரைச் சொல்லும் பிள்ளைகளின் குரல் இறங்கிவிடும். முப்பதைத் தாண்டிய வயதில் நான் அந்த வகுப்பில் உட்கார்ந்தேன். கணிதம் என்று எதைச் சொல்கிறார்களோ அது எனக்குத் திறந்தது அங்கேதான். அதன்பின் வந்த கால்குலஸ் அந்தத் திறப்பின் தொடர்ச்சி.

நான் திருநெல்வேலிப் பக்கம் தமிழ்வழியில் படித்தவள். பத்தாம் வகுப்போடு கணக்கு நின்றுபோனது. ப்ளஸ் டூவில் வரலாறு, பொருளியல், வணிகவியல் குரூப், பிறகு பி.ஏ. வரலாறு. கல்யாணமாகி ஹூஸ்டன் வந்து, மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம், பொதுச் சுகாதாரம் படிக்கலாம் என்று ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அந்தப் படிப்புக்கு அப்ளைடு கால்குலஸ் கட்டாயம். நிறுவல்கள் குறைவு, முக்கோணவியல் குறைவு. மருந்தின் அளவு, நோய் பரவும் வேகம், செலவு, லாபம் என்று நடைமுறைக் கணக்குகள் அதிகம். ஆனாலும் அது கால்குலஸ்தான். அதற்குள் போகுமுன் அலெக்ஸ் என்ற தேர்வு வைத்தார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பிறந்த மென்பொருள் அது. முப்பது கேள்விகளுக்குள், ஒவ்வொரு விடையையும் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்து, நமக்கு எது தெரியும், எதைக் கற்கத் தயாராக இருக்கிறோம் என்று வண்ணக் கூறுகளாகப் பிரித்த ஒரு வட்டத்தில் காட்டிவிடும். என் வட்டம் ப்ரீகால்குலஸைக் காட்டியது.

அக்கா பாளையங்கோட்டையில் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறாள். பாடத்திட்டத்தைப் போனில் வாசித்துக் காட்டினேன். "ஏட்டி, இது நாங்க பதினொண்ணுல நடத்துறதுல்லா? சார்பு, மடக்கை, முக்கோணவியல். பயப்படாத. ஆனா ஓட்டாத. எங்க பிள்ளையளுக்கு அதுலதான் எல்லாம் கெட்டுப்போவுது" என்றாள். அவள் சொன்னது அந்த வருடத்தின் பெரிய பேச்சு. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டையே இரண்டு வருடம் நடத்திக்கொண்டிருந்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு கொண்டுவந்தது. எந்தப் பாடத்தை ஊரில் தாண்டிக் குதித்தார்களோ, அதே பாடத்தைத்தான் நான் அதே வருடம் ஹூஸ்டனில் படிக்கப் போனேன்.

வகுப்பு தொடங்குமுன் ஹார்வி வந்தது. 2017 ஆகஸ்ட் 25 இரவு டெக்சாஸின் ராக்போர்ட் அருகே கரையேறிய அந்தப் புயல், நகராமல் ஹூஸ்டன் பக்கமே நாள்கணக்கில் நின்று பெய்தது. நாங்கள் நகரின் மேற்கே, பஃபலோ பாயூவுக்குக் கிட்டத்தில், மாடி வீடு ஒன்றில் இருந்தோம். பாயூ என்பது இங்கே மெதுவாக ஓடும் ஆறு. ஹாரிஸ் கவுண்டி வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறை ஒவ்வொரு பாயூவிலும் நீர்மட்டமானி வைத்து, அதன் கோட்டை இணையத்தில் ஓடவிடுகிறது. மின்சாரம் இருந்த நேரமெல்லாம் நான் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு ராணுவப் பொறியாளர் படை கட்டிய அடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்கள் எங்களுக்கு மேலே நிரம்பிக்கொண்டிருந்தன. 28ஆம் தேதி அதிகாலையில் அவற்றைத் திறந்துவிட்டார்கள். பக்கத்து அறையிலிருந்து கணவர் கேட்டுக்கொண்டே இருப்பார்: "இன்னும் ஏறுதா?" ஒரு கட்டத்தில் நான் சொன்னேன்: "ஏறுது. ஆனா முன்ன மாதிரி வேகமா ஏறலை."

செப்டம்பர் முதல் திங்களன்று வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினம் கழிந்துதான் வகுப்புகள் திறந்தன. எங்கள் ஆசிரியர் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் நாள் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. பாயூவின் நீர்மட்டக் கோட்டைத் திரையில் போட்டார். அறையே அமைதியாகிவிட்டது. அந்த நீரில் வீட்டை விட்டவர்கள் அங்கே இருந்தார்கள். அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். நீர் எப்போது மிக உயரத்தில் இருந்தது? நீர் எப்போது மிக வேகமாக ஏறியது? முதல் கேள்விக்கு எல்லோரும் கோட்டின் உச்சியைக் காட்டினோம். இரண்டாவதற்கு விடை உச்சியில் இல்லை, அதற்கு வெகு முன்னால், கோடு செங்குத்தாக நிமிரும் இடத்தில் இருந்தது. உச்சியில் நீர் ஏறவே இல்லை. "இந்த வேகத்தைத் துல்லியமாகச் சொல்வது கால்குலஸின் வேலை. கோட்டைக் கோடாகப் பார்க்கக் கற்பது நம் வேலை" என்றார்.

அந்த ஒரு கோட்டை வைத்து அவர் மூன்று வாரம் நடத்தினார். நேரத்தைக் கொடுத்தால் உயரத்தைத் தருவது சார்பு. எந்த நேரங்களுக்கு விடை உண்டு என்பது மதிப்பகம்; ஒரு மானி வெள்ளத்தில் செயலிழந்து கோடு அறுந்திருந்தால் அந்த மணிநேரங்கள் மதிப்பகத்தில் இல்லை. எந்த உயரங்கள் கிடைத்தன என்பது வீச்சகம். சரி, உயரத்தைக் கொடுத்து நேரத்தைக் கேட்டால்? முடியாது. ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் நீர் அதே உயரத்தைத் தொடுகிறது. எந்த நேரத்தைச் சொல்வது? ஆகவே இதற்கு நேர்மாறு சார்பு இல்லை. ஏறிய பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால் உண்டு. நேர்மாறு இருப்பதும் இல்லாததும் நாம் மதிப்பகத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று விளங்கிய நிமிடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பத்தாம் வகுப்பில் நான் பரவளையம் வரைந்திருக்கிறேன். வரைபடத்துக்குப் பத்து மதிப்பெண் என்பதால் யாரும் அதை விடமாட்டோம். அட்டவணை போட்டு, வரைபடத்தாளின் வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுதி, புள்ளிகளைக் குறித்துக் கையால் வளைத்து இணைப்போம். முழு மதிப்பெண்ணும் விழும். அந்தக் கோடு எதையாவது சொல்கிறது என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. எங்கே இறக்கம் ஏற்றமாகத் திரும்புகிறது, எங்கே சாய்வு கூடுகிறது என்று அந்தத் தாளிலேயே எல்லாம் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

ப்ரீகால்குலஸின் முதுகெலும்பு என்று நான் சொல்வது ஒரே ஒரு கணக்கை. இங்கே டிஃபரன்ஸ் கோஷன்ட் என்பார்கள். ஒரு சார்புக்கு எக்ஸ் என்ற இடத்தில் ஒரு மதிப்பு. அங்கிருந்து ஹெச் தூரம் தள்ளிப் போனால் இன்னொரு மதிப்பு. இரண்டின் வித்தியாசத்தை ஹெச்சால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளக் கணக்கில், ஹெச் மணி நேரத்தில் நீர் சராசரியாக மணிக்கு எத்தனை அடி ஏறியது என்பது. எக்ஸின் வர்க்கத்துக்கு இதைச் செய்தால், விரித்துக் கழித்து வகுத்தபின் 2 எக்ஸ் கூட்டல் ஹெச் மிஞ்சும். எக்ஸ் கீழே பகுதியில் உட்கார்ந்திருந்தால் பகுதிகளைச் சமமாக்க வேண்டும். வர்க்கமூலத்துக்குள் இருந்தால், நடுக்குறியை மாற்றிய கோவையால் மேலும் கீழும் பெருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. முடிவு ஒன்று: கீழே இருக்கும் ஹெச், மேலே இருக்கும் ஹெச்சோடு அடிபட்டாக வேண்டும். அடிபடவில்லை என்றால் இயற்கணிதத்தில் எங்கோ கை தவறியிருக்கிறது.

பக்கம் பக்கமாக இதைச் செய்யச் சொன்னபோது, பாதி வகுப்பு ஏன் என்று கேட்டது. ஆசிரியர் ஹெச்சுக்குப் பூச்சியத்தைப் போட்டுக் காட்டினார். அடிபடுவதற்கு முன்னால் போட்டால் பூச்சியத்தின் கீழ் பூச்சியம், பொருளே இல்லை. அடிபட்ட பிறகு ஹெச் எவ்வளவு சுருங்கினாலும் ஒன்றும் உடையாது. 2 எக்ஸ் கூட்டல் ஹெச் மெல்ல 2 எக்ஸை நெருங்கும். ஒரு மணி நேரச் சராசரி ஒரு நிமிடச் சராசரியாகி, பிறகு அந்தக் கணத்தின் வேகமே ஆகிவிடும். விரிவாக்கம், காரணிப்படுத்தல், பின்னச் சுருக்கம் என்று எட்டாம் வகுப்பிலிருந்து மாணவர்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்த வேலையெல்லாம் இந்த ஒரு ஹெச்சை அடிப்பதற்கான பயிற்சி என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. கால்குலஸில் தோற்பவர்களில் பலர் உண்மையில் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். கணித உதவி மையத்தில் மாலைதோறும் பார்த்தேன். வகையிடல் விதி மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைகள், இரண்டின் கூட்டலை வர்க்கப்படுத்தச் சொன்னால் நடு உறுப்பை விட்டுவிடுவார்கள். கூட்டலின் மடக்கையை இரண்டு மடக்கைகளின் கூட்டலாகப் பிரித்துவிடுவார்கள்.

இது பழைய கவலை. லியோன்ஹார்ட் ஆய்லர் 1748இல் லத்தீனில் இரண்டு பாகமாக ஒரு நூல் வெளியிட்டார். முடிவிலிப் பகுப்பாய்வுக்கு அறிமுகம் என்பது அதன் தலைப்பு. கால்குலஸுக்குள் நுழையும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதியது: சார்பு, அடுக்கு, மடக்கை, சைன், கொசைன். மாணவர்களின் இடர்களில் பெரும்பாலானவை சாதாரண இயற்கணிதம் சரிவரத் தெரியாமலே இந்த நுண்ணிய கலைக்குள் இறங்குவதால் வருகின்றன என்று முன்னுரையிலேயே வருந்துகிறார். உலகின் மிகப் பெரிய கணிதமேதைகளில் ஒருவர் முதல் அக்கறையோடு எழுதிய பாடம் இது. அதைக் குறைபாடுள்ளவர்களுக்கான வகுப்பு என்று ஒதுக்குவது எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை.

அக்டோபரில் அடுக்குச் சார்புகள் வந்தன. ஒரு டாலரை நூறு சதவீத ஆண்டு வட்டிக்கு விட்டால் வருடக் கடைசியில் இரண்டு டாலர். மாதாமாதம் வட்டியை அசலில் சேர்த்தால் 2.61. தினந்தோறும் சேர்த்தால் 2.71. நொடிக்கு நொடி சேர்த்தாலும் 2.72ஐத் தொடாது, 2.71828 என்று போகும் அந்த எண்ணில் முட்டி நிற்கும். வகுப்பில் பலருக்குக் கிரெடிட் கார்டு கடன் இருந்தது. தங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தார்கள். நான் ஊர்க் கணக்கைப் போட்டேன். பத்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். கட்ட முடியாத வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் பத்தாயிரம் ரூபாய், பன்னிரண்டு மாதத்தில் 31,384 ரூபாய். இருபத்து நான்கு மாதத்தில் 98,497.

அதே மாதம் 23ஆம் தேதி, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நால்வரும் இறந்தார்கள். அதிக வட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003இலிருந்தே தமிழ்நாட்டில் இருக்கிறது. எங்கள் ஊரில் வட்டிக்காரர்களை எல்லோருக்கும் தெரியும். வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் பைக்கைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அந்தச் செய்தி வந்த வாரம் வகுப்பில் மடக்கை. மடக்கை எதற்கு என்று புத்தகம் சொல்வதை விட்டுவிட்டு நானே ஒரு கேள்வி எழுதிக்கொண்டேன்: பத்து வட்டிக் கடன் எப்போது இரட்டிப்பாகும்? தெரியாதது அடுக்கில் இருக்கிறது. அதைக் கீழே இறக்க மடக்கை ஒன்றுதான் வழி. இரண்டின் மடக்கையை 1.1இன் மடக்கையால் வகுத்தால் 7.27. ஏழு மாதமும் ஒரு வாரமும். அதற்குள் திருப்பிக் கட்ட ஆகாத குடும்பம் இன்னொரு ஏழு மாதத்தில் நான்கு மடங்குக்குக் கடன்பட்டிருக்கும். அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாளே அதைத் தன் வகுப்பில் கரும்பலகையில் போட்டதாகச் சொன்னாள். ஒவ்வொரு பள்ளியிலும் இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூட்டு வட்டிச் சூத்திரத்தைப் பாடமாக்குவது வேறு, தன் தெருவில் ஓடும் வட்டி எந்த மாதத்தில் தன்னை விழுங்கும் என்று கண்டுபிடிப்பது வேறு.

முக்கோணவியலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அப்ளைடு கால்குலஸுக்கு அது கொஞ்சமே வேண்டியிருந்தது. ஆரையன் மட்டும் முதலில் செயற்கையாகத் தோன்றியது. வட்டத்தின் ஆரத்தையே வில்லின் மேல் வளைத்து வைத்தால் கிடைக்கும் கோணம் ஒரு ஆரையன், சுமார் 57.3 பாகை. அக்காதான் ஆரியபட்டரைச் சொன்னாள். 499இல் எழுதிய நூலில் அவருடைய சைன் அட்டவணைக்கு அடிப்படையான ஆரம் 3438. ஒரு ஆரையனைக் கலைகளாக, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்காக மாற்றினால் வருவது அதே 3438. ஆரத்தையும் வில்லையும் ஒரே அலகில் அளக்கும் யோசனை அத்தனை பழையது. அதன்பின் ஆரையனில் எனக்கு ஒரு நெருடலும் இல்லை.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து படித்தோம். நைஜீரியாவிலிருந்து வந்து மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் ஒரு பெண், வியட்நாமியப் பெற்றோரின் பையன், ராணுவத்திலிருந்து திரும்பிய ஒருவர், ஹார்வியில் வீடு இழந்து அத்தை வீட்டிலிருந்து வரும் பெண், நான். முதலில் அவரவர் வீட்டில் தனியாகப் போட்டுவிட்டு வர வேண்டும். பிறகு ஒருவர் மற்றவருக்குப் பலகையில் விளக்க வேண்டும். இப்படிச் செய்யச் சொன்னவர் ஆசிரியர். பின்னால்தான் இதன் வரலாறு எனக்குத் தெரிந்தது. 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர், கால்குலஸ் மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று அவர்களோடு இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக. சீன அமெரிக்க மாணவர்கள் தனியாகப் போட்டதைக் கூடி உட்கார்ந்து சரிபார்த்தார்கள். ஊக்கக்குறைவு, குடும்பப் பின்னணி என்று அதுவரை சொல்லிவந்த காரணங்கள் நிற்கவில்லை. அடிப்படையை மறுபடி நடத்துவதை விட்டு, கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் படிக்க வைத்ததும் மதிப்பெண்கள் உயர்ந்தன. எங்கள் ஐவரில் மற்றவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி "ஓ" என்று சொல்லாதவர் கிடையாது.

2018 வசந்த செமஸ்டரில் அப்ளைடு கால்குலஸ். முதல் வாரமே ஹெச்சைப் பூச்சியத்தை நோக்கி விட்டார்கள். பழகிய வீட்டின் இன்னோர் அறைக்குள் போவது போல இருந்தது. ஒரு மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் மருந்தின் செறிவு ஏறி, உச்சி தொட்டு, இறங்குகிறது. உச்சி எப்போது? மாறும் வேகம், அதாவது வகைக்கெழு, பூச்சியமாகும்போது. உடம்பு மொத்தமாக எவ்வளவு மருந்தைச் சந்தித்தது? கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு, அதற்குத் தொகையிடல். அடுத்த வேளை மாத்திரைக்கு எவ்வளவு நேரம்? அதற்கு மறுபடியும் மடக்கை. "ஏறுது, ஆனா முன்ன மாதிரி வேகமா ஏறலை" என்று நான் வெள்ள நாளில் சொன்னதற்கும் அங்கே ஒரு கணக்கு இருந்தது: முதல் வகைக்கெழு மிகை, இரண்டாம் வகைக்கெழு குறை. 2020 மார்ச்சில் செய்தித்தாள்கள் கொரோனாக் கோடுகளை மடக்கை அளவுத்திட்டத்தில் போடத் தொடங்கியபோது, கோவிலில் பழகிய குடும்பங்களுக்கு அவற்றை வாசிக்கச் சொல்லிக்கொடுக்க என்னால் முடிந்தது. அந்தத் தாளில் நேர்கோடாகப் போனால் நல்லது என்று பலர் நினைத்திருந்தார்கள். சம இடைவெளியில் இரட்டித்துக்கொண்டே போகிறது என்பதே அதன் பொருள்.

ப்ரீகால்குலஸ் தேவையா என்ற விவாதம் இங்கே சூடாக நடக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த சானர்ட், சாட்லர் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியில் இதைப் படித்துவிட்டு கால்குலஸுக்குப் போனவர்களுக்கு அதனால் பெரிய பலன் தெரியவில்லை என்று கண்டார்கள். கலிபோர்னியா 2022இல் சட்டமே போட்டு, சமுதாயக் கல்லூரிகளில் அறிவியல், பொறியியல் மாணவர்களை நேரடியாக கால்குலஸில் சேர்த்துக் கூடவே உதவி கொடுக்கும் பாதைக்குத் தள்ளியிருக்கிறது. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். வருடக்கணக்கில் முன்தேவைப் பாடங்களில் சிக்கிப் பணமும் மனமும் தீர்ந்து படிப்பை விட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பெரும்பாலான இடங்களில் இந்தப் பாடம் ஒரு செமஸ்டருக்குள் நூறு தலைப்புகளை ஓட்டி முடிப்பதாகத்தான் இருக்கிறது. அப்படி ஓட்டியதில் பலன் இல்லை என்றுதான் ஆய்வு சொல்ல முடியும். தலைப்புகளில் பாதியை எடுத்துவிட்டு, மாணவர்கள் நனைந்து வந்த வெள்ளத்தையும் அவர்கள் தலைமேல் நிற்கும் கடனையும் வைத்து நடத்திப் பார்க்கட்டும். பட்டக் கணக்கிலும் சேர்க்கட்டும். பிறகு அளந்து சொல்லட்டும்.

மாற்றம் கொஞ்சம் தெரிகிறது. 2023இல் பள்ளிகளுக்கு, கல்லூரித் தரத்து ஏ.பி. வரிசையில், ஏ.பி. ப்ரீகால்குலஸ் என்ற பாடம் வந்தது. இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதுதான் அதன் முதல் பாடம். மாறும் வேகம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. என் மகள் இப்போது அதைத்தான் படிக்கிறாள். மடக்கை வரைக்கும் வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய பெரியம்மா பாளையங்கோட்டையிலிருந்து வீடியோவில் வந்து கணக்குக் கொடுக்கிறாள். மூன்று வட்டிக்கு இரட்டிப்பாக எத்தனை மாதம் என்பதுதான் போன வாரம் கொடுத்தது.